ஒரே சவனில் இரண்டு கை

மெல்பேர்னில் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னேன். ராத்தாவுக்குக் கண் ஒப்பரேஷன், கூட இருந்து பார்க்க ஆளில்லை, நான் போயே ஆக வேண்டும். லீவு கேட்கும்போது குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. வேலையில் எனக்கு மேலே இருக்கிற பெண் என் தோளைத் தட்டி, இப்படி ஒரு தங்கை கிடைக்க உன் அக்கா கொடுத்து வைத்தவள் என்றாள். வெட்கமே இல்லாமல் தலையாட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. இடியப்பமும் பாபத் என்கிற குடல் கறியும், கொறுக்காய்ப் புளி போட்டு வற்ற வைத்த மீன், ஈரப்பலாக்காய்ப் பாற்கறி. விமானத்தில் தந்த சாப்பாட்டை மூடி திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். காலி வயிற்றோடு கெலிஓயாவில் ராத்தா வீட்டில் போய் இறங்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ராத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான். மச்சான் மௌத்தாகி அவள் தனியான பிறகு மருமகளோடு இருக்கிறாள். மகன் கட்டாரில் வேலை. மருமகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், என்னைச் சாச்சி என்பாள், சின்னம்மா முறை, அதிகம் பேசாதவள், ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. என்னைக் கூட்டிப்போகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பிடித்துக்கொண்டு வந்தது அவள்தான்.

வழியில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். ராத்தாவின் இடது கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை போயே போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, ஆள் நிழலாகத்தான் தெரியும். கண்டி ஆஸ்பத்திரியில் எவ்வளவோ காலம் காத்திருந்து இப்போதுதான் திகதி கிடைத்திருக்கிறது. ஆனால் சீனி வருத்தம் அடங்கி இருந்தால்தான் கண்ணில் கை வைப்போம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காக மாதக்கணக்கில் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி, பாவக்காய், கீரை, உப்பில்லாத பருப்பு.

"டொக்டரே மெச்சினாரு சாச்சி. இப்பிடியே கொண்டு போனா காணும்னு சென்னாரு," என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. அது அவளுடைய உழைப்பும் அல்லவா!

அந்த நேரம் வேன் பிலிமத்தலாவையைக் கடந்துகொண்டிருந்தது. பேக்கரி வாசம் உள்ளே அடித்தது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, நிறுத்தி மீன் வைத்த மாலுபாண் வாங்கலாமா என்று கேட்டேன்.

வீட்டு வாசலில் ராத்தா நின்றாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள், கன்னம், காது, தாடை.

"மெலிஞ்சிட்டியே புள்ள. அங்க என்னத்தத்தான் தின்றியோ?"

நான் மெலியவில்லை. சட்டை இரண்டு அளவு ஏறியிருந்தது. அதை அவளுக்குச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? "சாப்பாடே சரியில்ல ராத்தா," என்று முனகினேன். அவள் நேரே குசினிக்குப் போனாள்.

கண் தெரியாதவள் எப்படிச் சமைத்தாள் என்று கேட்காதீர்கள். போத்தல்களைத் திறந்து முகர்ந்து பார்த்து எடுத்தாள். எண்ணெயில் கடுகு போட்டுவிட்டுக் காதைச் சரித்து நின்றாள். உப்பை உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் போட்டாள். நான் உதவி செய்யட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நீ இரி," என்றாள். நானும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். ஒப்பரேஷனுக்குத் துணையாக வந்தவள், வந்த அன்றைக்கே விருந்தாளியாகிவிட்டேன்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விட மாட்டார்கள். பசி இருக்கோ இல்லையோ, வீட்டுக்காரர் கூட உட்கார்ந்து கை வைக்க வேண்டும். கலியாணம், ஓதிச் சோறு போடுகிற கத்தம் என்றால் சவன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து ஆறு பேர் சுற்றி உட்காருவோம். அவரவர் பக்கத்தில் இருந்து தின்ன வேண்டும். ஒருத்தர் கையை எடுத்து எழும்பினால் மற்றவர்களுக்கும் வெட்கம் வந்துவிடும், அரை வயிற்றோடு எழும்பிவிடுவார்கள். அதனால் சவனில் கடைசி ஆள் தின்று முடிக்கும்வரை வீட்டுக்காரர் கையை எடுக்கவே கூடாது. வயிறு நிறைந்தாலும் கொறித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சின்ன வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ராத்தா அலுமாரியைத் தடவி ஒரு சின்னச் சவனை எடுத்தாள். இரண்டு பேருக்குக் காணும்.

"ரெண்டு பேரும் இதுல சாப்புடுவோம். கன காலமாச்சி."

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் பிஸ்மி சொல்லி முதல் பிடியை எடுத்தாள். நான் தொடங்கினேன். அல்லாவே, என்ன சொல்ல! மீனைப் பிய்த்துச் சோற்றில் வைத்து அழுத்தி வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறைப்பு பாதி, மிச்சம் ஏதோ. நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள், நிறையவும் சாப்பிடுகிறவள். இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தால் எதிரே இருக்கிற ஆளின் கதி என்ன என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மருமகள் குசினி வாசலில் வந்து நின்றாள். "மாமிக்குக் குரக்கன் ரொட்டி சுட்டு வெச்சிருக்கன் சாச்சி."

"வெச்சிடு புள்ள, பொறகு தின்றன்," என்றாள் ராத்தா. அவள் கை சவனில் இருந்தது.

"ஒருநாளைக்குத்தானே," என்று நானும் சேர்ந்து சொன்னேன். "நான் வந்த அன்டைக்காவது ஒழுங்கா சாப்பிடட்டும்."

அந்த ஒருநாள் தினமும் வந்தது. காலையில் மருமகள் பள்ளிக்கூடம் போனதும் எங்கள் ராச்சியம். மஞ்சள் சோறு, கோழி, பிஞ்சுப் பலாக்காய்ப் பொலோஸ், ஒருநாள் வட்டிலப்பம். "இன்டைக்கு என்ன வேணும் செல்லு," என்று கேட்பாள். நானும் கூச்சநாச்சமில்லாமல் சொன்னேன். வட்டிலப்பம் கேட்டதே நான்தான். அவள் வாயில் ஒரு கரண்டி ஊட்டியும் விட்டேன். "போதும் போதும்," என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். சீனி வருத்தக்காரி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தவள், அவள் வாயில் கித்துள் சக்கரையும் தேங்காய்ப்பாலும் முட்டையும்! நினைத்தால் என் கையை நானே முறித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதுவும் போதாதென்று வெளியிலிருந்து பீங்கான்கள் வரத் தொடங்கின. வெளிநாட்டுத் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று பக்கத்து வீடுகளில் இருந்து ஒன்று இனிப்புத் தொதல், ஒன்று சம்சா, ஒன்று கிழங்கு ரொட்டி. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்ப முடியாது, அதற்கும் ராத்தா எதையாவது செய்வாள். செய்ததில் கொஞ்சம் எங்கள் சவனுக்கும் வரும். நாவலப்பிட்டியில் மச்சானின் சகோதரி மச்சி வீட்டில் ஒருநாள் விருந்து. ரயிலில் போனோம். அங்கே பெரிய சவன். எனக்குப் பக்கத்தில் ராத்தாவை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பிய பிறகும் நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டு இருந்தேன். ராத்தாவின் கை மட்டும் சவனை விட்டுப் போகவில்லை. எனக்குத் துணைக்குத்தான் அது அங்கே இருக்கிறது, வெறுமனே விரலை அளைந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தின்றுகொண்டிருந்தாள். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கத்தான் மனமில்லை.

சீனி பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை மெல்பேர்னில் இருந்து நானே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அது பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருந்தது. மருமகள் ஒருநாள் அதை எடுத்துத் துடைத்து, "சாச்சி, மாமிக்கு ஒருக்கா பாப்பமா?" என்று கேட்டாள். நான் அப்போது பாபத் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அதாவது ராத்தா துருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் புள்ள உசிரெடுக்கிற? எத்தின வருஷத்துக்குப் பொறகு வந்தீக்கன். ரெண்டு நாள் அவவ நிம்மதியா விடேன்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவள் மெஷினைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, பாடசாலைக் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் குரக்கன் ரொட்டியைப் பற்றியும் பேசவில்லை.

ஒப்பரேஷன் நாள் வந்தது. விடியற்காலை சுபஹு தொழுதவுடன் த்ரீவீலில் புறப்பட்டோம். ராத்தா வெள்ளை முக்காடு போட்டிருந்தாள். வழியெல்லாம் கண் தெரிந்ததும் செய்யப்போகிறவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் குர்ஆனைத் தானே பார்த்து ஓத வேண்டும். பிறகு மகன் கட்டாரில் இருந்து போனில் கூப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் தாடி வைத்திருக்கிறானாம், மருமகள் சொல்லித்தான் தெரியுமாம். பேராதனைப் பாலம் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அதில் இன்னும் முந்தின நாள் கறியின் மஞ்சள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி விரலில் குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். திரும்ப ஒருக்கா குத்தினாள். பிறகு டொக்டரைக் கூப்பிட்டாள். டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் மகள் வயது இருக்கும். இலக்கத்தைப் பார்த்துவிட்டு ராத்தாவிடம் சிங்களத்தில் கேட்டார். போன முறை எவ்வளவு நன்றாக இருந்தது, இப்போது ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள்?

நான் சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அதற்குள் ராத்தா பேசிவிட்டாள். அவள் சிங்களம் என் சிங்களத்தைவிட நல்லது.

"என் பிழைதான் டொக்டர். வீட்டில் தொதல் இருந்தது, ஆருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்துத் தின்றுவிட்டேன். இவள் என் தங்கச்சி, எனக்காகவே வெளிநாட்டில் இருந்து வந்தவள். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்கவில்லை."

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்படி ஒரு தங்கச்சி சொல்வதைக் கேட்கக் கூடாதா அம்மா என்று ராத்தாவைக் கடிந்துகொண்டார். ராத்தா சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நல்ல பெயரோடு நின்றேன். பேச எவ்வளவோ நேரம் இருந்தது. டொக்டர் அட்டையில் புதுத் திகதி எழுதும்வரை, தாதி வந்து அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடும்வரை, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

புதுத் திகதி நான் திரும்பிப் போன பிறகு இரண்டு கிழமை கழித்து விழுந்தது. இந்த முறையும் சீனி இறங்கவில்லை என்றால் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான், அதற்குள் வலது கண்ணும் இருட்டிவிடும் என்று டொக்டர் சொன்னார். அதைத் தமிழில் ராத்தாவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாக விளங்கியிருந்தது.

வெளியே வந்ததும், "ஏன் ராத்தா அப்பிடிச் சென்னீங்க?" என்று கேட்டேன். அழுகையாக வந்தது.

"எப்பிடிச் செல்ல? வந்த புள்ளைக்குச் சோறு குடுத்ததால கண்ணு போச்சின்னா?" என்றாள். "சும்மா இரி. பஸ் எங்க நிக்குதுன்னு பாரு."

வீட்டில் மருமகளிடமும் அதே தொதல் கதையைச் சொன்னாள். மருமகள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நான் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

அன்றிரவே ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் நீங்கள் தின்பதைத்தான் நானும் தின்பேன், குரக்கன், பாவக்காய், எதுவானாலும். அவள் சிரித்தாள். "பாவக்கா தின்னவா டிக்கட் போட்டு வந்தே?" மறுநாள் எனக்கு என்று நெய்ச்சோறு ஆக்கினாள். நான் தனியாகச் சாப்பிடுகிறேன், நீங்கள் வேண்டாம் என்றேன். "நான் தின்னல்ல, சும்மா பக்கத்துல உக்காந்து ஈக்கிறன்," என்றாள். உட்கார்ந்தாள். நான் இரண்டு பிடி எடுப்பதற்குள் அவள் கை சவனுக்கு வந்துவிட்டது. அவளுக்கே தெரியாமல் வந்திருக்கும். நான் கையை எடுத்துவிட்டு எழும்பினேன். அவள் முகம் கறுத்துப் போனது. "ஏன் புள்ள, வயிறு நெறயல்லியே?" என்று கெஞ்சினாள். திரும்ப உட்கார்ந்தேன். எழும்பவும் முடியாமல், தின்னவும் முடியாமல், அன்றைக்கு அந்தச் சோற்றைத் தின்று முடித்தோம், இரண்டு பேருமாக.

குசினிக்குப் பின்னால் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன செய்ய புள்ள? செல்லிப் பாத்தாச்சி. கேக்கிறாவில்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்க வெளிய சாப்புட்டுட்டு வாங்க சாச்சி. பசியில்லன்னு செல்லுங்க. நீங்க உக்காராட்டி மாமியும் உக்கார மாட்டா. அவட பாட்டுக்குக் குரக்கன் தின்னுவா."

"கோவிப்பாவே."

"கோவிக்கட்டும்," என்றாள்.

அதன்பிறகு தினமும் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு கண்டிக்குப் போனேன். தோழியைப் பார்க்க, வங்கிக்கு, துணி எடுக்க. டவுனில் ஏதாவது ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பகல் சாப்பாடு. ஒருநாள் கொத்து ரொட்டி, ஒருநாள் புரியாணி. சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்! இறங்கியது. நன்றாகவே இறங்கியது. எலும்பைக்கூட விடவில்லை. தின்று முடித்து வாவிக்கரையில் நடக்கும்போதுதான் வீடு நினைவுக்கு வரும். வீட்டில் ராத்தா எனக்காக எதையாவது செய்து மூடி வைத்துக்கொண்டு, கேற் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள்.

"சாப்புடுவமா?" என்பாள் நான் செருப்பைக் கழற்றுமுன்.

"வெளிய சாப்பிட்டன் ராத்தா. வயிறு நெறஞ்சிட்டு."

முதல் நாள், "ஏன் புள்ள கடையில?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூடி வைத்த கறியை மருமகள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குரக்கன் ரொட்டியைக் கீரையில் தொட்டுத் தின்பாள். மருமகள் சொன்னது பலித்தது. காலையில் அவள் விரலில் குத்தி மெஷினைப் பார்ப்பாள், எனக்கும் காட்டுவாள். இலக்கம் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் களவு செய்கிறவர்கள் போல ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வோம்.

ஒருநாள் பகல் கண்டியில் மழை பிடித்துக்கொண்டது. நேரத்தோடு திரும்பிவிட்டேன். பின் வாசலால் வந்தேன், செருப்பில் சேறு. வேலிப் பக்கத் தாழ்வாரத்தில் ராத்தா பக்கத்து வீட்டு மாமியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை, ஓட்டில் மழைச் சத்தம்.

"தங்கச்சி சாப்புடுறல்லியாமே வூட்டுல?" என்று மாமி கேட்டாள்.

"என்ட கை போய்ட்டு," என்றாள் ராத்தா. சாதாரணமாகத்தான் சொன்னாள். "கண்ணு தெரியாம உப்பு கூடுதோ, புளி கூடுதோ, கரிஞ்சி கிரிஞ்சி போகுதோ, ஆரு செல்லுவா? மருமகளும் மொகத்துக்கு நேர செல்ல மாட்டா. தங்கச்சி நல்லவ. வந்த புதுசுல எனக்காகத் தின்டா. எத்தின நாளைக்கித்தான் தின்னுவா, பாவம். அதான் கடையில தின்றா."

மழைத் தண்ணீர் என் முக்காட்டில் வழிந்துகொண்டிருந்தது. ராத்தா வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டது கிடையாது. அவளிடம் ஒரு சின்னக் கர்வம் இருந்தது என்றால் அது கைப்பக்குவத்தில்தான். கெலிஓயாவில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் புளியை ருசி பார்க்க இவளைத்தான் கூப்பிடுவார்கள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். முதலில் தின்று கெடுத்தேன். இப்போது தின்னாமல் கெடுக்கிறேன்.

ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ராத்தா, உங்கள் கறிக்குக் கிட்ட எந்தக் கடையும் வராது, கொத்து ரொட்டி தின்னும்போதும் உங்கள் மீன் கறியைத்தான் நினைத்தேன். ஒரு அடி எடுத்து வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மருமகள் குசினிக்குள் இருந்து என் கையைப் பிடித்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

"செல்லாதீங்க சாச்சி. செல்லினா இன்டைக்கே சவன எடுத்துட்டு வருவா."

அது உண்மை. எனக்குத் தெரியும். நான் குசினிக்குள் வந்து ஈரச் செருப்பைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு ராத்தா எனக்காகச் சமைக்கவில்லை. மருமகள் சமைக்கும்போது பக்கத்தில் நிற்பாள், ஆனால் எதிலும் கை போட மாட்டாள். உப்பு போடுகிற நேரம் வந்தால் தள்ளி நிற்பாள். "நீயே போடு புள்ள, எனக்கு வெளங்குறல்ல," என்பாள். ஒருநாள் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு அவள் காது தானாகச் சரிந்தது. பிறகு நினைவு வந்தவள் போல நிமிர்ந்துகொண்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நான் புறப்பட்ட அன்று காலையில் மெஷின் நல்ல இலக்கம் காட்டியது. மருமகள் அதை என்னிடம் நீட்டியபோது முதல் தடவையாகச் சிரித்தாள். வேன்காரன் ஹோர்ன் அடித்தான். ராத்தா அறைக்குள் இருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் போகும்போது அவள் கட்டித் தருகிற பை இருக்கும். சீனிச் சம்பல், மாசிச் சம்பல், வறுத்து இடித்த கறித்தூள். மூன்று நாளாக அடுப்படியில் நிற்பாள், ஒருவரையும் கிட்ட விட மாட்டாள். இந்த முறை பை மொடமொடத்தது. உள்ளே கடைப் பக்கெட்டுகள், லேபலோடு.

"இந்தா புள்ள. பயப்புடாதே, ஒண்ணுமே நான் செய்யல்ல," என்றாள். "எல்லாம் கண்டியில வாங்கினது. மருமகளத்தான் அனுப்பின. நல்ல கடை, ஆசயோட தின்னலாம்."

ஒப்பரேஷனுக்கு இன்னும் இரண்டு கிழமை. இப்போதோ பிறகு போனிலோ ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், தன் கை போகவில்லை என்று தெரிந்தால் அவள் அந்த நிமிஷமே கொத்தமல்லியை வறுக்க எடுப்பாள், சீனிச் சம்பலைக் கிண்டி வாயில் போட்டுப் பார்ப்பாள், நான் அடுத்த முறை வரும்வரை அவளால் சும்மா இருக்க முடியாது, சீனி திரும்ப ஏறிவிடும். மருமகள் கதவடியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையை வாங்கினேன்.

"நல்லதாப் போச்சி ராத்தா," என்றேன். "கடையில வாங்கினதுதான் நல்லம்."

"ஓ," என்றாள் அவள். என் முகத்தை ஒருக்கா தடவினாள். பிறகு வேன் திரும்பும்வரைகூட நிற்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.